குழிக்குள் ஓர் இட்லிப் பானை

முதலில் ஒரு சின்னக் கணக்கு. இரண்டரை சென்டிமீட்டர் கனமுள்ள இறைச்சித் துண்டு ஒன்றைக் கொதிக்கும் குழம்பில் போடுகிறோம். ஐந்து நிமிடத்தில் அதன் நடுப்பகுதியும் நன்றாகச் சூடேறிவிடுகிறது. அதைப்போல் எட்டு மடங்கு கனம், அதாவது 20 சென்டிமீட்டர் கனமுள்ள துண்டு நடுவரை அதே அளவு சூடேற எவ்வளவு நேரமாகும்?

"எட்டைந்து நாற்பது, நாற்பது நிமிடம்" என்றுதானே சொல்லப் போகிறீர்கள்? என் கல்லூரி வகுப்பிலும் முதலில் வரும் விடை அதுதான். சரியான விடை 320 நிமிடம். ஐந்து மணி இருபது நிமிடம்! தேர்வுத் தாளில் இந்தத் தவற்றைச் செய்தால் இரண்டு மதிப்பெண் போகும். நூறு பேரை விருந்துக்கு அழைத்துவிட்டு, ஒரு முழுப் பன்றியைச் சமைக்கும்போது இதே தவற்றைச் செய்தால் அந்த நூறு பேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு மருத்துவரைத் தேட நேரிடும்.

இந்தக் கணக்கை எழுதாமலே சரியாகப் போட்ட ஒரு முதியவரை நான் பார்த்தேன். 2017-ஆம் ஆண்டு கோடை விடுமுறையில் ஹவாய்த் தீவுக் கூட்டத்தில் உள்ள ஓவாஹூ தீவில், உறவினர் வீட்டில் சில வாரங்கள் தங்கியிருந்தேன். பசிபிக் பெருங்கடலின் நடுவே எரிமலைகளால் உண்டான தீவுகள் அவை. பக்கத்து வீட்டில் பேரக் குழந்தைக்கு முதல் பிறந்தநாள். ஹவாய் மக்களுக்கு முதல் பிறந்தநாள் என்பது திருமணத்துக்கு நிகரான விழா. குழந்தைகள் ஓராண்டைத் தாண்டுவதே அரிதாயிருந்த காலத்திலிருந்து வரும் வழக்கம் என்கிறார்கள். அந்த விருந்துக்கு முழுப் பன்றி ஒன்றை வீட்டுப் பின்கட்டிலேயே சமைப்பதாகச் சொன்னார்கள். நான் சைவம். ஆனாலும் பௌதிகத்துக்குச் சைவம், அசைவம் என்ற பேதம் இல்லை, போய் நின்றேன்.

அங்கே பெரியவர்களை, உறவாயிருந்தாலும் இல்லாவிட்டாலும், 'அங்கிள்' என்றும் 'ஆன்ட்டி' என்றும்தான் அழைக்கிறார்கள். நாம் எதிர்வீட்டுக்காரரையும் மாமா என்பதில்லையா, அதுபோல. அன்றைய பொறுப்பு முழுவதும் குழந்தையின் தாத்தாவான அங்கிளிடம் இருந்தது.

அடுப்பு எங்கே என்று பார்த்தேன். அடுப்பு இல்லை. முழங்கால் ஆழத்துக்கு ஒரு குழி மட்டும் இருந்தது.

அந்தக் குழி அடுப்புக்கு 'இமு' என்று பெயர். அதில் வெந்த உணவு 'காலுவா'. ஹவாய் மொழியில் 'லுவா' என்றால் குழி. பழைய ஹவாயில் மண்பாண்டம் செய்யும் வழக்கம் இல்லை. பானை இல்லாதவர்கள் எதில் வேக வைப்பார்கள்? நிலத்தையே பானையாக்கிக் கொண்டார்கள். சமோவா தீவினர் 'உமு' என்பதும், நியூசிலாந்தின் மவோரி மக்கள் 'ஹாங்கி' என்பதும் இதே குடும்பத்தைச் சேர்ந்தவை. பன்றி, வாழை, சேப்பங்கிழங்கு எல்லாவற்றையும் படகில் ஏற்றிக்கொண்டு தீவு தீவாகக் குடியேறிய மக்கள் இந்தச் சமையல் முறையையும் கொண்டுபோனார்கள். ஹவாயில் 1819 வரை ஆணும் பெண்ணும் சேர்ந்து உண்பது தடை. பெண்கள் பன்றி இறைச்சியைத் தொடவே கூடாது. இருபாலருக்கும் தனித்தனிக் குழிகள் இருந்தன. வேடிக்கை என்னவென்றால், இரண்டிலும் சமைத்தவர்கள் ஆண்களே! அந்த ஆண்டில் அரசரே பெண்களோடு அமர்ந்து உண்டு அந்தத் தடையை உடைத்தார்.

இரவு எட்டு மணிக்குக் குழியில் விறகை அடுக்கித் தீ மூட்டினார்கள். விறகைப் பார்த்ததும் எனக்கு வியப்பு. முள்ளும் முடிச்சுமாக, நம் ராமநாதபுரம் பக்கத்துச் சீமைக்கருவேலம் போலவே இருந்தது. விசாரித்ததில், அந்த மரத்தை 'கியாவே' என்று சொன்னார்கள். தென் அமெரிக்க மரம். 1828-இல் ஒரு கத்தோலிக்கப் பாதிரியார் ஹொனலூலுவில் நட்டதிலிருந்து தீவெங்கும் பரவியதாம். தாவரவியல் நண்பரிடம் பின்னர் கேட்டேன். சீமைக்கருவேலமும் கியாவேயும் ஒரே பேரினத்து நெருங்கிய உறவினர். பார்த்துப் பிரித்தறிவதே கடினம் என்றார். நம் ஊரில் கரிமூட்டம் போடும் மரத்தின் ஒன்றுவிட்ட சகோதரன் பசிபிக் கடல் நடுவில் விருந்து சமைக்கிறான்!

கல்லில் சேமித்த நெருப்பு

விறகின்மேல் கற்களை அடுக்கினார்கள். மனிதத் தலையளவுள்ள கருங்கற்கள். அங்கிள் ஒவ்வொரு கல்லையும் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தார். நுண்துளைகள் நிறைந்த எரிமலைக் கல்லை மட்டும் வைத்தார். வழவழப்பான கல் வந்தால் தள்ளிப் போட்டார்.

"ஆற்றுக் கல் கூடாதா?" என்று கேட்டேன்.

"கூடாது. அது சுடும்" என்றார். துப்பாக்கி சுடுவதுபோல் என்ற பொருளில் சொன்னார் என்பது பிறகுதான் விளங்கியது. எரிய ஆரம்பித்து அரைமணி நேரம் இருக்கும். 'டப்' என்று ஒரு வெடி. ஒரு கற்சில் எங்கள் தலைக்கு மேலே பறந்து வேலியில் மோதியது. உதவிக்கு நின்ற இளைஞர்களில் யாரோ இருட்டில் ஓடைக்கல் ஒன்றையும் சேர்த்து அடுக்கியிருக்கிறார்கள். அங்கிள் ஒன்றும் பேசவில்லை. குழந்தைகளை எல்லாம் வீட்டுக்குள் போகச் சொன்னார். எங்களையும் பத்தடி பின்னால் தள்ளினார்.

என்ன நடந்தது? ஓடையில் கிடந்த கல்லின் விரிசல்களுக்குள் நீர் ஊறியிருக்கும். 100 டிகிரி செல்சியசில் நீர் ஆவியாகும்போது அதன் பருமன் ஏறக்குறைய 1,600 மடங்காகப் பெருகுகிறது. வெளியே போக வழி இருந்தால் தொல்லை இல்லை. அடர்த்தியான கல்லில் வழி எங்கே? அழுத்தம் ஏறி ஏறிக் கல்லே பிளந்து விடுகிறது. எரிமலைக் குழம்பு இறுகும்போது அதிலிருந்த வாயுக்கள் வெளியேறிய துளைகளே அந்த எரிமலைக் கல்லில் நாம் காண்பவை. அவற்றின் வழியே ஈரம் எளிதில் தப்பிவிடும். அதுவும் நன்கு உலர்ந்த கல்லாக இருக்க வேண்டும். விடுமுறை முகாமில் ஆற்றங்கரைக் கற்களை அடுக்கி அடுப்பு மூட்டும் மாணவர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கண்ணுக்கு ஆபத்து.

பதினோரு மணி ஆயிற்று. விறகு எரிந்து அடங்கிவிட்டது. அங்கிள் பின்கட்டு விளக்கை அணைக்கச் சொன்னார். இருளில் கற்கள் மங்கிய செந்நிறத்தில் ஒளிர்ந்தன. "சரி" என்றார்.

அவர் பயன்படுத்தியது ஒரு வெப்பமானி என்றே சொல்வேன். எந்தத் திடப்பொருளானாலும் ஏறத்தாழ 525 டிகிரியில்தான் கண்ணுக்குத் தெரியும்படி ஒளிரத் தொடங்குகிறது. இரும்பும் அப்படியே, கல்லும் அப்படியே. 1847-இல் ஜான் வில்லியம் டிரேப்பர் என்ற விஞ்ஞானி இதைக் கண்டறிந்து வெளியிட்டார். விளக்கை அணைத்து 'சிவப்பு தெரிகிறதா' என்று பார்க்கும் சமையற்காரர் அந்த 525-ஐத்தான் சரிபார்க்கிறார்.

இனிக் கணக்குக்கு வருவோம். கற்கள் 200 கிலோ என்றும், அவற்றின் சராசரி வெப்பநிலை 500 டிகிரி என்றும் வைத்துக்கொள்வோம். ஒரு கிலோ எரிமலைக் கல் ஒரு டிகிரி குளிரும்போது ஏறக்குறைய 0.84 கிலோ ஜூல் வெப்பத்தைத் தருகிறது. அதுவே அதன் தன்வெப்பம். 500-லிருந்து 100-க்கு இறங்கினால் 400 டிகிரி. 200 × 0.84 × 400 = 67,200 கிலோ ஜூல். வேண்டியது எவ்வளவு? சுத்தம் செய்த 60 கிலோ பன்றியை 25 டிகிரியிலிருந்து 90 டிகிரிக்கு ஏற்ற வேண்டும். இறைச்சியும் கொழுப்பும் சேர்ந்த சராசரித் தன்வெப்பம் 3.3 என்று கொண்டால், 60 × 3.3 × 65 = 12,870 கிலோ ஜூல். கையிருப்பு தேவையைப்போல் ஐந்து மடங்குக்கு மேல்!

ஆனால் விறகைப் பாருங்கள். 100 கிலோ உலர்ந்த விறகு எரிந்தால் சுமார் 16 லட்சம் கிலோ ஜூல் வெளிப்படும். அதில் கல்லில் தங்கியது நூற்றுக்கு நான்கு பங்குதான். மீதி புகையோடும் காற்றோடும் வானத்துக்குப் போயிற்று. நம் கல்யாண வீட்டுக் கோட்டை அடுப்பும் விறகை வீணாக்குவதில் அதற்குச் சளைத்ததல்ல.

கொதிக்காத, கருகாத வெப்பம்

அதன்பின் எல்லாம் மிக விரைவாக நடந்தது. கற்களைச் சமமாகப் பரப்பினார்கள். முன்பே வெட்டி நசுக்கி வைத்திருந்த வாழைத்தடிகளைக் கற்கள்மேல் போட்டார்கள். 'சொய்' என்று வெள்ளை ஆவி எழும்பியது. அதன்மேல் வாழை இலையும் 'கீ' என்ற செடியின் அகன்ற இலையும். உப்புத் தடவிய பன்றியின் வயிற்றுக்குள் நீண்ட இடுக்கியால் பழுத்த கற்களை எடுத்து வைத்தார்கள். கால்கள் உடலோடு சேரும் இடத்தில் கத்தியால் கீறி, அங்கேயும் ஒவ்வொரு கல். பிறகு அதைக் கம்பிவலையில் சுற்றி, நால்வர் தூக்கி உள்ளே இறக்கினார்கள். ஓரங்களில் சர்க்கரைவள்ளிக் கிழங்கும் சேப்பங்கிழங்கும். மேலே மீண்டும் இலைகள், நனைத்த சாக்குகள், தார்ப்பாய். கடைசியாக மண்வெட்டியால் மண்ணைத் தள்ளி மூடினார்கள். மண்ணின் இடையே எங்காவது ஆவி கசிந்தால் உடனே அங்கே இன்னும் ஒரு வெட்டு மண்.

நான் சட்டைப் பையில் ஒரு வெப்ப இரட்டைக் கம்பியைத் தயாராக வைத்திருந்தேன். இறைச்சிக்குள் ஒரு முனையைச் செருகி, மறுமுனையை வெளியே விட்டால் இரவு முழுவதும் வெப்பநிலையைக் குறித்துக்கொள்ளலாமே என்ற ஆசை. அங்கிள் கம்பியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "ஓட்டை வேண்டாம்" என்று சொல்லிவிட்டார். ஆக, குழி மூடியாயிற்று. காலை ஒன்பதரை வரை உள்ளே என்ன நடக்கிறது என்று யாருக்கும் தெரியாது. திறந்து பார்த்தால் ஆவி போய்விடும். மறுபடி சூடாக்க வழியில்லை. மறுநாள் நண்பகலில் விருந்தினர்கள் வருவார்கள்.

உள்ளே என்ன நடக்கிறது என்பதைக் கம்பி இல்லாமலே நாம் பார்க்க முடியும். இட்லிப் பானையைத் தெரிந்திருந்தால் போதும்.

வாழைத்தடி ஏறக்குறைய முழுவதும் நீர்தான். பத்தில் ஒன்பது பங்குக்கு மேல். பழுத்த கல்லின்மேல் அந்த நீர் ஆவியாகிறது. கல் 500 டிகிரியில் இருந்தாலும், சாதாரணக் காற்றழுத்தத்தில் ஈரம் உள்ள இடத்தில் ஆவியின் வெப்பநிலை 100 டிகிரியைத் தாண்டாது. அதனால் இறைச்சி கருகுவதில்லை. வாழைத்தடி என்பது விறைப்பான கல்லுக்கும் இறைச்சிக்கும் இடையே நிற்கும் நடுவர்.

ஆவி வெறும் சூடான காற்றுப் போன்றதல்ல. 100 டிகிரிக்குச் சூடேறிய மின் அடுப்புப் பெட்டிக்குள் கையை ஒரு நொடி நீட்டி எடுத்தால் ஒன்றும் ஆகாது. இட்லிப் பானையின் ஆவியிலோ கணத்தில் தோல் வெந்துவிடும். இரண்டும் 100 டிகிரிதான்! ஆவி குளிர்ந்த தோலில் பட்டு நீராக மாறும்போது, கிலோவுக்கு 2,260 கிலோ ஜூல் வீதம் தன் உள்ளுறை வெப்பத்தைக் கொட்டிவிடுகிறது. பன்றியைச் சூடாக்கத் தேவையான 12,870 கிலோ ஜூலை 2,260-ஆல் வகுத்துப் பாருங்கள். ஆறு கிலோ ஆவிகூட வேண்டாம். குளிர்ந்த நீர் வழிந்து மீண்டும் கல்லில் விழுகிறது. மீண்டும் ஆவியாகி ஏறுகிறது. வெப்பத்தைச் சுமந்துகொண்டு போய் வரும் கூலியாள் போல. மடிக்கணினிகளுக்குள் சூட்டைக் கடத்த வைக்கும் வெப்பக் குழாயும் இதே தத்துவத்தில்தான் வேலை செய்கிறது.

ஈரம் நிறைந்த குழிக்கு இன்னொரு நன்மையும் உண்டு. அமெரிக்காவில் பெரிய இறைச்சித் துண்டுகளைத் தணலில் மெதுவாகச் சுடுபவர்கள் ஒரு தொல்லையைச் சொல்வார்கள். உட்புற வெப்பநிலை 65, 70 டிகிரி வரை ஒழுங்காக ஏறும். பிறகு மணிக்கணக்கில் நகராமல் நின்றுவிடும். காரணம் நம் வீட்டு மண்பானைதான்! பானை நீர் குளிர்வது போலவே, இறைச்சியின் மேற்பரப்பிலிருந்து ஈரம் ஆவியாகி வெப்பத்தைக் கொண்டுபோய்விடுகிறது. கொடுக்கும் வெப்பமும் போகும் வெப்பமும் சமமாகி வண்டி நின்றுபோகிறது. குழிக்குள்ளோ காற்றில் ஏற்கெனவே ஆவி நிரம்பியிருக்கிறது. மழைக்கால ஈரத் துணி போல, இறைச்சியின் நீர் ஆவியாக இடமே இல்லை.

இதற்கு ஒரு விலையும் உண்டு. பிலிப்பைன்சிலும் பாலித் தீவிலும் முழுப் பன்றியைக் கோலில் குத்தித் தணலின்மேல் சுற்றிச் சுற்றிச் சுடுகிறார்கள். தோல் பழுப்பேறி, அப்பளம் போல் நொறுங்கும். அதற்குத் தோலின் நீர் வெளியேறி, 100 டிகிரிக்கு வெகுவாக மேலே போக வேண்டும். அப்போதுதான் புரதமும் சர்க்கரையும் சேர்ந்து நிறமும் மணமும் தரும் வேதிவினை விரைந்து நடக்கும். 1912-இல் இதை விளக்கிய பிரெஞ்சு விஞ்ஞானி மயார் பெயரால் அதை அழைக்கிறோம். இமுவில் தோல் மொறுமொறுக்காது. இட்லி மொறுமொறுக்குமா?

இரண்டு இரண்டு நான்கு

மேற்பரப்பு சிறிது நேரத்திலேயே 100 டிகிரியை நெருங்கிவிடுகிறது. அப்படியானால் இரவு முழுவதும் எதற்காகக் காத்திருக்கிறோம்? இங்கேதான் முதலில் போட்ட கணக்கு வருகிறது.

குழம்பில் நீர் சுழல்கிறது. அடிச்சூடு மேலே வருகிறது. இறைச்சியிலும் பெரும்பகுதி நீர்தான். ஆனால் அது தசை இழைகளுக்குள் சிறைப்பட்ட நீர். சுழல முடியாது. எனவே சலனம் இல்லை. கடத்தல் ஒன்றுதான் வழி. அதிலும் இறைச்சி மகா சோம்பேறி. செம்பு அதைவிட ஏறக்குறைய 800 மடங்கு நன்றாக வெப்பத்தைக் கடத்தும்.

துண்டின் கனத்தை இரு மடங்காக்குவோம். வெப்பம் கடக்க வேண்டிய தூரம் இரு மடங்கு. எனவே பாயும் வேகம் பாதி. போதாக்குறைக்குச் சூடாக்க வேண்டிய பொருளும் இரு மடங்கு. இரண்டு இரண்டு நான்கு. நேரம் நான்கு மடங்கு. கனம் எட்டு மடங்கானால் நேரம் 64 மடங்கு. ஐந்து நிமிடம் 320 நிமிடம் ஆனது இப்படித்தான்.

இதை நீங்களே வீட்டில் பார்க்கலாம். ஒரு பெரிய உருளைக்கிழங்கையும், அதில் பாதிக் குறுக்களவுள்ள சிறிய கிழங்கையும் பெரியவர் ஒருவர் துணையோடு கொதிநீரில் போடுங்கள். ஆறு நிமிடத்தில் எடுத்துக் குறுக்கே வெட்டுங்கள். வெந்த பகுதி கண்ணாடி போல் மங்கி ஒரு வளையமாகத் தெரியும்; நடுவில் வேகாத வெள்ளை வட்டம் இருக்கும். இரண்டிலும் வளையத்தின் கனம் ஏறக்குறைய ஒன்றே. சிறியதில் அது பெரும்பகுதியை எட்டிவிட்டது. பெரியதில் நடுவட்டம் அப்படியே இருக்கிறது.

பன்றியில் அந்த நடுவட்டம் இருப்பது பின்தொடையில். 20 சென்டிமீட்டர் கனமுள்ள உருளையாக அதைக் கருதி, அன்றிரவு தூக்கம் வராமல் கணக்கைப் போட்டுப் பார்த்தேன். வெளியே 100 டிகிரி, உள்ளே தொடக்கத்தில் 25 டிகிரி. நடுப்பகுதி 71 டிகிரியை எட்ட ஐந்தேகால் மணி நேரம். 90 டிகிரியை எட்ட ஒன்பதேகால் மணி நேரம். தொடை சரியான உருளை அல்ல, எலும்பு உண்டு, கொழுப்பு உண்டு. ஆகவே இது மதிப்பீடுதான். ஆனாலும் கணக்கு முடிந்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். பதினொன்றுக்கு மூடி ஒன்பதரைக்குத் திறப்பதென்றால் பத்தரை மணி நேரம். அங்கிளிடம் வகைக்கெழுச் சமன்பாடு எதுவும் இல்லை. ஒரு மணி நேரத்துக்கு மேல் பாதுகாப்பு இடைவெளி மட்டும் இருந்தது.

வயிற்றுக்குள்ளும் கால் கீறலிலும் கல் வைத்ததன் பொருளும் அப்போதுதான் புரிந்தது. விலாச் சுவருக்கு வெளியிலிருந்தும் உள்ளிருந்தும் வெப்பம் வந்தால், அது கடக்க வேண்டிய தூரம் பாதியாகிறது. நேரம் கால் பங்காகிறது. கீறல் வைத்த தொடையிலும் உருளையின் கனம் குறைந்துவிடுகிறது.

எதற்கு 71, எதற்கு 90? முதலாவது உயிருக்கு, இரண்டாவது நாவுக்கு. 1835-இல் லண்டனில் ஜேம்ஸ் பேஜட் என்ற முதலாண்டு மருத்துவ மாணவர், பிரேதப் பரிசோதனை ஒன்றில் தசைக்குள் மணல்போல் வெண்புள்ளிகள் இருப்பதைக் கண்டார். மற்றவர்களும் பார்த்த புள்ளிகள்தாம்; அவர் மட்டும் உருப்பெருக்கியை எடுத்துப் பார்த்தார். ஒவ்வொன்றுக்குள்ளும் சுருண்டு கிடந்தது ஒரு நுண்புழு. டிரைக்கினெல்லா என்ற அந்தப் புழு வேகாத பன்றி இறைச்சி வழியே மனிதருக்கு வருகிறது. அதன் பொருட்டுப் பன்றி இறைச்சியின் நடுப்பகுதி 71 டிகிரியாவது எட்ட வேண்டும் என்று அமெரிக்க வேளாண்துறை வெகுகாலம் சொல்லிவந்தது. முழுத் துண்டுகளுக்கு 63 டிகிரியும், அதன்பின் மூன்று நிமிடம் அப்படியே வைத்திருப்பதும் போதும் என்று 2011-இல் அதை மாற்றியது.

ஆனால் 71 டிகிரியில் தொடை இறைச்சி மெல்ல முடியாத நார். தசைகளைக் கட்டிப் பிடித்திருக்கும் கொலாஜன் என்ற புரதம், அதற்கு மேற்பட்ட வெப்பத்தில் நெடுநேரம் ஈரத்தோடு இருந்தால்தான் கரைந்து ஜெலாட்டின் ஆகும். பழப்பாகு போல் நடுங்கும் ஜெல்லி இருக்கிறதே, அந்தப் பொருள். கட்டு கரைந்தால் இறைச்சி தானாகப் பிரியும். கம்பிவலை சுற்றியதும் அதற்காகவே; இல்லாவிட்டால் காலையில் தூக்கும்போது துண்டு துண்டாக உதிர்ந்துவிடும்.

பயப்பட வேண்டிய நிலை வேறொன்று இருக்கிறது. கற்கள் போதாமலோ, ஆவி கசிந்தோ, தொடையின் நடு 35, 40 டிகிரியிலேயே இரவைக் கழித்தால்? வேகாத இறைச்சியைவிட அது மோசம். கிருமிகளுக்கு அதைவிட நல்ல தொட்டில் கிடையாது. 20 நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டாகப் பிளக்கும் ஒரு பாக்டீரியா, எட்டு மணி நேரத்தில் 24 முறை பிளக்கும். இரண்டை 24 முறை பெருக்கினால் 1 கோடியே 67 லட்சத்துக்கு மேல் வரும். வெளியே நன்றாக வெந்து மணக்கும் இறைச்சிக்குள்ளேதான் இது நடக்கும். அங்கிள் இரவில் மூன்று முறை எழுந்து போய் மண்மேட்டைச் சுற்றி வந்தார் என்பதை மறுநாள் அவர் மனைவி சொல்லித் தெரிந்துகொண்டேன். ஆவி கசிகிறதா என்று பார்க்கத்தான்.

மண்ணைப் பற்றியும் ஒரு வார்த்தை. மண் வழியாக வெப்பம் வெளியேறிவிடாதா என்று கேட்கலாம். அங்கேயும் அதே இருபடி விதிதான், இம்முறை நமக்கு நண்பனாக! பத்து மணி நேரத்தில் மண்ணில் வெப்பம் கணிசமாக ஊடுருவும் ஆழம் சுமார் 13 சென்டிமீட்டர். இரு மடங்கு ஆழம் போக நாற்பது மணி நேரம் வேண்டும். ஆகவே ஒரு முழத்துக்குச் சற்றுக் குறைவான மண் போர்வையே இரவுக்குப் போதும்.

காலை ஒன்பதரைக்கு மண்ணை ஒதுக்கினார்கள். தார்ப்பாயை நம் பக்கமாக இழுக்காமல், எதிர்ப்பக்கமாகச் சுருட்டிக்கொண்டே போனார்கள். அடைபட்ட ஆவி முகத்தில் அடிக்கும் அல்லவா? கம்பிவலையை மேசைமேல் வைத்ததும் அங்கிள் தொடை எலும்பைப் பிடித்து மெல்லத் திருகினார். இறைச்சி ஒட்டாமல் எலும்பு மட்டும் வெள்ளையாகக் கையோடு வந்தது. அது அவருடைய சோதனை. பிறகு என் பக்கம் திரும்பி, "இப்போது உன் கம்பியைச் செருகு" என்றார். தொடையின் நடுவில் 90-ஐத் தாண்டி நின்றது.

சூடு ஆறுவதற்குள் இறைச்சியைப் பிய்த்து, நண்பகல் வரை ஆவியடுப்பில் வைத்தார்கள். வெதுவெதுப்பில் விட்டால், வெப்பத்துக்குத் தப்பிய கிருமி வித்துகள் மறுபடி கிளம்பும். எனக்கு வந்தது சர்க்கரைவள்ளியும் சேப்பங்கிழங்கும். அரைகுறையாக வெந்தால் தொண்டையைப் பிடுங்கும் சேப்பங்கிழங்கு, வெண்ணெய் போல் இருந்தது. அதற்கும் புகையின் மணம்.

மாலையில் போய்ப் பார்த்தபோது அங்கிள் குழியருகே உட்கார்ந்து, இன்னும் சூடு ஆறாத கற்களை மண்வெட்டியால் புரட்டிக்கொண்டிருந்தார். விரிசல் விட்டவற்றை வேலியோரம் எறிந்தார். நல்லவற்றை எண்ணி, மழை படாத கொட்டகைக்குள் ஒவ்வொன்றாக அடுக்கி வைத்தார்.